சாவியும் உண்டு

பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் தொழிலை விட்டாயிற்று. கண்புரையும் எடுத்தாயிற்று. வீரவநல்லூரில் சும்மா இருக்கிறேன். ஆனாலும் அந்தக் குழுவிலிருந்து என்னை அவர்கள் வெளியே விடவில்லை. போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் பித்தளைக் கடிகாரம். அடியில் தேக்குப் பெட்டி. படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது:

‘தானே சாவி கொடுத்துக்கொள்ளும் பழைய மேசைக் கடிகாரம். ஓடும் நிலையில் உள்ளது. சேகரிப்பாளர்களுக்கு மட்டும். சாவியும் உண்டு. சனிக்கிழமை மாலை ஏசியை நிறுத்தி, கதவு சன்னலைத் திறந்து வைத்து, முக்கால் மணி நேரம் ஜெபமோ பாட்டோ முடித்த பிறகு ஏழு சுற்று கொடுக்கவும்.’

குழுவில் ஒரே சிரிப்பு. “தானே சாவி கொடுக்குத கடியாரத்துக்கு எதுக்குலே சாவி?” என்று ஒருவன். “ஜெபம் பண்ணலேன்னா முள்ளு நகராதோ?” என்று இன்னொருவன். “எழுதினவன் தண்ணியப் போட்டுட்டு எழுதியிருக்கான்” என்று மூன்றாவது ஆள். பிறகு எல்லாரும் என்னைக் கேட்டார்கள். “அண்ணாச்சி, இது நெசமான சாமானா, போலியா? நீங்க சொல்லுங்க.”

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அந்த வரிகளை எழுதிக் கொடுத்தது நான்தான். கைபேசியில் விளக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆழ்வார்குறிச்சியில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் அடித்தார் என்றெல்லாம் ஓடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். திருச்செந்தூரில் பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் கடையில் ஒரு வருடம். தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கோடை. அங்கே கால் வெடித்தது ஆற அடுத்த கோடை வரை ஆனது. மும்பையில் தலையில் இட்லிப் பானை வைத்து விற்றேன். மழைக்காலத்தில் இட்லி நனைந்துவிடும், அதையே நாங்கள் தின்போம். திரும்பி வருகிற வழியில் மதுரையில் காசு தீர்ந்தது. ஒரு கடிகாரக் கடைப் படியில் உட்கார்ந்தேன். மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை. வயிறு நிறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கடிகாரத்தையும் பிரித்து மறுபடி பூட்டத் தெரிந்தது.

அந்தக் கைத்தொழிலைப் பார்த்துத்தான் திருநெல்வேலி டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்த கொம்பையா அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய் வீடு வீடாகச் சாமான் பார்க்கிற வேலை. ஓரிடத்தில் நிற்காத எனக்கு அது பொருந்தியது. இருபத்தாறு வருடம் அவரிடம் இருந்தேன்.

அண்ணாச்சிக்கு ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எந்தச் சாமானுக்காக வந்தாரோ அதன் பக்கமே திரும்ப மாட்டார். முதலில் கட்டிலை விசாரிப்பார். அடுத்து ஊறுகாய் ஜாடி. மூன்றாவதாகச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து, “இது எந்தக் கடையில கொடுத்தாவ?” என்பார். நாலாவதாகத்தான் வந்த காரியம். காப்பி கொடுத்தால் குடிக்க மாட்டார், தண்ணீர் மட்டும். “காப்பி குடிச்சா வெல கொறைக்க வாய் வராதுலே” என்பார். யாரும் அவர் முன்னால் உரக்கப் பேசக்கூடாது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, “பையச் சொல்லு” என்று கையைத் தாழ்த்துவார். பழசு என்ற சொல்லையும் சொல்ல மாட்டார். வயசான சாமான் என்பார்.

கடிகாரம் பார்க்க எனக்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தொடாதே. ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் வரை காது மட்டும் கொடு. பிறகு திருகாணிகளின் தலையைப் பார், எத்தனை பேருடைய திருப்புளி அங்கே போயிருக்கிறது என்று தெரியும். பிறகு எண்ணெயை மோந்து பார். கடைசியில்தான் திற.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு பங்குனி மாதம். ஒரே வீடு, நடுவில் சுவர். பழைய பாதியில் அண்ணன் தேவசகாயம், பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகக் கட்டிய பாதியில் தம்பி ஜெபராஜ், வங்கியில் மேலாளராக இருந்தவர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வதாக முடிவு. எல்லாவற்றையும் பிரிக்க முடிந்தது, கடிகாரத்தைப் பிரிக்க முடியவில்லை. அவர்களுடைய தாத்தா காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் கொடுத்துவிட்டுப் போனது.

அண்ணாச்சி கட்டில், ஜாடி, காலண்டர் மூன்றையும் முடிப்பதற்குள் நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். சத்தமே இல்லை. உள்ளே ஒரு பித்தளை வளையம் இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று தூங்குகிற மாதிரி திரும்பிக்கொண்டிருந்தது. நான் கேள்விப்பட்டு மட்டும் இருந்த சாமான். அதன் முதுகில் வாயு அடைத்த ஒரு சின்னத் துருத்தி இருக்கும். வெயில் ஏறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அந்த அசைவே சுருளை முறுக்கிவிடும். மத்தியானத்துக்கும் விடியற்காலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குச் சாப்பாடு. சாவி என்ற பேச்சே கிடையாது.

“சனிக்கெழம சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் சாவி கொடுக்கணும்” என்றார் தேவசகாயம். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். “ஏழு சுத்து. எட்டு ஆயிரப்பிடாது. அப்பா கண்ண மூடும்போது என் கையில தந்தது. முப்பத்தெட்டு வருசமா ஒரு வாரம் தப்பல.”

“அண்ணன் உருப்படியாச் செய்யுத ஒரே வேல அதுதான்” என்றார் தம்பி, சிரித்துக்கொண்டு.

“அதையாவது செய்தாவளே. நீங்க வட்டி போட்டதத் தவிர என்ன செஞ்சிய?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தேவசகாயத்தின் மனைவி ரூத்.

சாவித் துவாரம் தேக்குப் பெட்டியில் இருந்தது. எல்லாரும் கட்டிலின் விலையைப் பேசப் போன சமயத்தில் நான் பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினேன். உள்ளே, ஏதோ ஒரு பழைய டைம்பீஸின் சுருள் மட்டும் மரத்தோடு திருகப்பட்டிருந்தது. சாவி கொடுத்தால் முறுகும், கிர் கிர் என்று சத்தம் வரும், வாரத்துக்குள் தானாகத் தளரும். அது எதோடும் சேரவில்லை. ஒரு கம்பி, ஒரு பல்சக்கரம், எதுவும் இல்லை. திருகாணிகளில் ஒரே ஒரு ஆளின் திருப்புளிதான் போயிருந்தது. உள்ளூர்த் தச்சன் வேலை. யாரோ வேண்டுமென்றே செய்யச் சொன்னது. நான் பலகையை மூடிவிட்டு அண்ணாச்சியின் காதில் சொன்னேன்.

“பையச் சொல்லு” என்றார். நான் ஏற்கெனவே பையத்தான் சொல்லியிருந்தேன்.

திசையன்விளையில் ஒரு முதலாளி கடிகாரம் சேகரிக்கிறவர். தானே சாவி கொடுத்துக்கொள்ளும் சாமான் என்றால்தான் வாங்குவார். அதனால் அண்ணாச்சி பெட்டிக்குள் இருந்ததைச் சொல்லவில்லை, பொதுவாக மட்டும் சொன்னார்: “சார்வாள், இது தானா ஓடுத சாதி. சாவி தேவைப்படாது.”

தேவசகாயத்தின் முகம் அப்போது இருந்த மாதிரியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கோபம் இல்லை. திருச்செந்தூரில் செருப்புச் சீட்டைத் தொலைத்தவர்கள் நிற்பார்கள், அப்படி நின்றார். “அப்போ முப்பத்தெட்டு வருசமா நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டார். தம்பி சிரித்துவிட்டார். அதுதான் வினையானது. தேவசகாயம் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, சாவிக் கடிகாரம் என்று ஒப்புக்கொண்டால்தான் விற்கக் கையெழுத்துப் போடுவேன் என்றார்.

“சரிண்ணே, பரீட்ச வச்சிருவோம்” என்றார் தம்பி. “நாலு சனிக்கெழம நீ சாவி கொடுக்கப்பிடாது. நின்னா நீ ஜெயிச்சே. ஓடினா பேசாமக் கையெழுத்துப் போடு.”

அண்ணன் திருட்டுத்தனமாக நிறுத்திவிடுவார் என்று தம்பிக்குச் சந்தேகம். தம்பி திருட்டுத்தனமாக ஓட்டிவிடுவார் என்று அண்ணனுக்குச் சந்தேகம். நல்ல பூட்டும் கண்ணாடிக் கதவும் உள்ள ஒரே அறை தம்பியின் படுக்கையறைதான். கடிகாரத்தை அங்கே வைத்தார்கள். சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார்கள். திசையன்விளை முதலாளி தன் சாமான்களை எப்போதும் ஏசியில் வைப்பாராம் என்று கேள்விப்பட்ட ஜெபராஜ், “வெல மதிப்பான சாமான்” என்று ஏசியை இரவும் பகலும் ஒரே அளவில் ஓட விட்டார். பூட்டுச்சாவி கொம்பையா அண்ணாச்சியிடம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்து, ஓடுகிறது என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

சுவர் எழுப்பிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ஜெபம். இப்போது இரண்டு வீட்டாரும் ஏழு மணிக்கு அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் கூடினார்கள். முதல் வாரம் நின்றார்கள். இரண்டாவது வாரம் நாற்காலி வந்தது. மூன்றாவது வாரம், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ரூத் அம்மா ஒரு பாட்டைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அறைக்குள் வளையம் அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். தேவசகாயம் பாடவில்லை. இரண்டு சனிக்கிழமை சாவி கொடுக்காமல் கழிந்திருந்தது. கை சட்டைப் பையிலேயே இருக்கும்.

“ரெண்டு தோசைக்கு மேல எறங்க மாட்டேங்கு இவுஹளுக்கு” என்று ரூத் அம்மா என்னிடம் குறைப்பட்டார். ஜெபராஜுக்கே மனசு இளகிவிட்டது. “போதும்ணே, விட்டிருவோம்” என்றார். அண்ணன் கேட்கவில்லை. “நாலுன்னா நாலு” என்றார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை நான் போனபோது ஜெபராஜ் வாசலிலேயே நின்றார். “வே, நின்னுட்டு” என்றார். தனக்குப் பாதகமான செய்தி, ஆனால் அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார், அவரேதான் சொன்னார். அதை நான் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி வழியே பார்த்தேன். வளையம் அசையவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து பார்க்கப் போனபோது கதவின் அடி இடுக்கிலிருந்து கால்விரலில் குளிர் பட்டது. அப்போதுதான் உறைத்தது. வெளியே சித்திரை வெயில் ஏறி இறங்குகிறது. உள்ளே மூன்று வாரமாக ஒரே குளிர். வயசான துருத்தி அது, ஒன்றிரண்டு டிகிரி ஏற்ற இறக்கம் அதற்குப் போதாது. பாவம், பட்டினி போட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “இப்பப் போயி ஏசியாலதான் நின்னுதுன்னா, தம்பி துட்டு கொடுத்துச் சொல்ல வச்சான்னு அண்ணன் சொல்லுவான். சனிக்கெழம வரட்டும்” என்றார்.

சனிக்கிழமை, நின்ற கடிகாரத்துக்கு அண்ணன் சாவி கொடுப்பதைப் பார்க்க, சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்கு வந்த மாதிரி அந்த வீட்டில் கூட்டம். சர்ச்சிலிருந்து ஐயரை அழைத்திருந்தார்கள். அங்கே பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பூட்டைத் திறந்ததும் ஐயர் செய்த முதல் காரியம், ஏசியின் இரைச்சலில் ஜெபம் கேட்காது என்று அதை நிறுத்தச் சொன்னது. அத்தனை பேருக்கும் மூச்சு முட்டியதால் டேப்பைப் பிய்த்துச் சன்னலைத் திறந்தார்கள். பிறகு ஐயர் ஜெபித்தார். கடிகாரத்தில் தொடங்கி, காலத்துக்குப் போய், சகோதரர்களுக்கு வந்து, மழைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வேண்டிக்கொண்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெயில் காந்தலும் முப்பது பேரின் உடம்புச் சூடும் சேர்ந்து எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிவிட்டது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவசகாயம் சாவியைச் செருகினார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கொடுத்தார். ஏழாவது சுற்றில் பெட்டி லேசாக நகர்ந்தது. வளையம் அசைந்தது. அரைச் சுற்று இந்தப் பக்கம். எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். அரைச் சுற்று அந்தப் பக்கம்.

அல்லேலூயா என்று கத்தியதில் ஜெபராஜ் குரல்தான் பெரிது. “அண்ணே, நான் வாய்த்துடுக்காப் பேசிட்டேன்” என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

தேவசகாயம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தார். என்னைக் கொல்லைப்புறம் முருங்கை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“வே, நீரு அடிப்பலகையக் கழத்திப் பாத்தீருல்லா? உண்மையச் சொல்லும். அந்தச் சாவி எதையாவது சுத்துதா?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இல்ல சார்வாள்” என்றேன்.

“எனக்குத் தெரியும் வே. சாவியத் தரும்போதே அப்பா சொல்லிட்டாரு. ‘இது ஒண்ணும் செய்யாது. தாத்தா தச்சன்கிட்ட சொல்லிச் செஞ்சது. வீட்டுத் தலைவனுக்குச் சனிக்கெழம ஒரு வேல வேணும்லா’ன்னாரு. ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சேதான் முப்பத்தெட்டு வருசம் கொடுத்தேன். என்ன விட்டா வேற யாருக்கும் தெரியப்பிடாதுன்னு தம்பிகிட்ட மல்லுக்கு நின்னேன். கண்டிப்பாத் தோத்திருவேன்னுதான் சோறு எறங்கல.” குரலைத் தாழ்த்தினார். “இப்ப எப்படி வே நின்னுச்சு? நான் கொடுத்ததும் எப்படி வே ஓடுச்சு? எனக்குப் பயமா இருக்கு.”

நான் ஏசியைப் பற்றிச் சொன்னேன். துருத்தியைச் சொன்னேன். ஐயரின் நீண்ட ஜெபத்தையும் பெட்டி நகர்ந்த ஆட்டத்தில் வளையம் கிளம்பியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும் வரை சிரித்தார். “மாவட்ட நிர்வாகத்துக்கு ஜெபிக்கலேன்னா ஓடியிருக்காதோ?” என்றார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “அவன்கிட்ட சொல்லீராதீரும். பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் எங்கிட்ட தோத்திருக்கான்.”

கையெழுத்தும் அன்றே போட்டுவிட்டார். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

திசையன்விளை முதலாளிக்குக் குழப்பம். தானாக ஓடுமா, சாவியா? அண்ணாச்சி தண்ணீர் குடித்துவிட்டு, “தானாவும் ஓடும், தந்தாலும் ஓடும். ரெண்டுல எது பொய்?” என்றார். ஆனால் ஏசி விஷயத்தை நான் முதலாளியிடம் தனியாக, மறைக்காமல் சொன்னேன். “ஏசிய நிப்பாட்டினா மத்த சாமான் கெட்டுப் போகுமே. வாரத்துக்கு ஒரு பொழுதுன்னா நிப்பாட்டலாம்” என்றார் அவர். துருத்திக்கு அது கஞ்சி மாதிரி, உயிரைப் பிடித்து வைக்கும். எந்தப் பொழுது என்ற பேச்சு வந்தபோது, கடிகாரத்தோடு வந்திருந்த தேவசகாயம் முந்திக்கொண்டார். “சனிக்கெழம சாயங்காலம். நானே வந்து பாத்துக்கிடுதேன்.”

அப்படியாக, தானே சாவி கொடுத்துக்கொள்ளும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஒரு ஆள் வாராவாரம் பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைக்குப் போனார். ஏசியை நிறுத்துவார், கதவைத் திறப்பார், முக்கால் மணி நேரம் பாடுவார், ஏழு சுற்று கொடுப்பார். முதல் மாதம் பஸ்ஸில் போனார். பிறகு, “அண்ணன் இந்த வயசுல பஸ்ல போகப்பிடாது” என்று ஜெபராஜ் தன் காரில் கூட்டிப் போனார். போகிற வழியெல்லாம் இருவரும் சண்டை போடுவார்கள் என்று முதலாளியின் காவலாளி சொல்வார். ஆனாலும் பாட்டில் தம்பிதான் கீழ்க்குரல்.

இரண்டு வருடத்துக்கு முன் தேவசகாயம் இறந்தார். கொம்பையா அண்ணாச்சி அதற்கு முன்பே போய்விட்டார். சாவியை ஜெபராஜ் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தனியாகப் போய் வந்தார். இப்போது முதலாளியும் இல்லை. அவருடைய மகன்கள் எல்லாவற்றையும் கைபேசியில் விற்கிறார்கள். விவரம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் எழுத உட்கார்ந்த அன்று ஜெபராஜ் போனில் கூப்பிட்டார்.

“வே, வாங்குதவன் கையில கொடுக்குததுக்கு முன்ன எண்ணெய் போடுவோம்னு அடிப்பெட்டியத் தொறந்தேன்” என்றார்.

பேனாவை மூடி வைத்தேன்.

“சுருள் எதோடயும் சேரல.”

“ஆமா சார்.”

“உமக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அண்ணனுக்கு?”

இனி யாருக்காக மறைப்பது? “அவருக்கும் தெரியும்” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“விளம்பரம் எழுதிக்கிட்டு இருக்கேன் சார். சாவியப் பத்தி போடவா, வேண்டாமா?”

“போடும் வே” என்றார். “ஏழுன்னு தெளிவாப் போடும். எட்டு ஆயிரப்பிடாது.”